மூன்றாவது வருட சர்வீஸுக்கு ரூ.18,700 எஸ்டிமேட்: எதை நீக்கச் சொல்லலாம்?

கோத்தகிரிவாசி:
பெட்ரோல் ஹேட்ச்பேக். வாங்கி மூன்று வருடம், 28,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்று கோவையில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். போன வருடம் ரூ.7,200 ஆனது, இந்த முறை எஸ்டிமேட்டே 18,700. ஆயில், ஃபில்டர் போக இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது), இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் முனை) சுத்தம், ஏசி கிருமிநீக்கம், அடிப்பாகப் பூச்சு, பிரேக் ஆயில் மாற்றம் என்று நீள்கிறது. கோத்தகிரியில் நான் ஏசி போட்டதே நினைவில்லை! பிரேக் ஆயிலும் குறையவில்லை, மேல்கோட்டில்தான் நிற்கிறது. வெளியில் செய்தால் வாரண்டி போய்விடும் என்று வேறு சொல்கிறார்கள். நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்பேனர் சித்தப்பா:
தம்பி, காரோடு தந்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். எஸ்டிமேட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் இல்லாதது எதுவானாலும் காரணம் கேளுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்தம் இரண்டும் பெரும்பாலும் அங்கே இருக்காது. வண்டி திணறவில்லை, மைலேஜ் குறையவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஏசிக்கு நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

ஆனால் பிரேக் ஆயிலில் கை வைக்காதீர்கள். மலையில் இறங்கும்போது பிரேக் வாடை வந்ததுண்டா?

கோத்தகிரிவாசி:
போன மாதம் குஞ்சப்பனை தாண்டியதும் வந்தது, சித்தப்பா. பெடலும் கொஞ்சம் மெத்தென்று இறங்கியது. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது சரியாகிவிட்டதால் விட்டுவிட்டேன்.

ஸ்பேனர் சித்தப்பா:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அளவு குறையாது, கொதிநிலைதான் குறையும். டாட் 4 (DOT 4) என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர விதி கேட்கும் குறைந்தபட்சம் வெறும் 155 டிகிரி. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டும். பெடல் மெத்தென்று போவதற்கு அதுவும் ஒரு காரணம். பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது. பிரேக் பேட் (சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். நியூட்ரல் கூடவே கூடாது.

குன்னூர் பனி:
வாரண்டி பற்றி: 2014இல் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் (CCI) 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது. வெளியில் செய்த வேலையால் பழுது வந்தால் அந்தப் பழுதுக்குக் கிடைக்காது. ஆயில் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். அடிப்பாகப் பூச்சு எங்கள் ஊர் ஈரத்துக்கு நல்லதுதான் என்பேன், ஆனால் துரு தென்படாத வண்டிக்கு அவசரம் இல்லை.

கோத்தகிரிவாசி:
வண்டி கைக்கு வந்துவிட்டது. ஃப்ளஷ், இன்ஜெக்டர், ஏசி, பூச்சு நான்கையும் வேண்டாம் என்று நீக்கச் சொல்லிவிட்டேன். முன் பேட் 2.5 மி.மீ.தான் இருந்ததாம், எஸ்டிமேட்டில் அது இல்லவே இல்லை, நான் கேட்ட பிறகுதான் சக்கரத்தைக் கழற்றியே பார்த்தார்கள். பேட், பிரேக் ஆயில் மாற்றியும் மொத்தம் ரூ.12,150. பழைய பேட்களைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன். இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் இரைவது சாதாரணம்தானே, சித்தப்பா?

ஸ்பேனர் சித்தப்பா:
இரையட்டும். இன்ஜின் சுற்று வேகம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.