புதுப்பிப்பு: தையல் ஓரத்து ஓட்டைக்குக் காரணம் சிக்கியது

எங்கள் திருப்பூர் யூனிட்டில் டி-ஷர்ட் தோள்பட்டைத் தையல் ஓரமாகப் பொடிப்பொடியாக ஓட்டை விழுகிறது, எல்லோரும் டெய்லரையே கைகாட்டுகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவாவின் மீன்முள் படத்தை, அதாவது ஒரு குறைக்கு இருக்கக்கூடிய காரணங்களையெல்லாம் மீன்முள் மாதிரி கிளைகிளையாக எழுதும் படத்தை, போடச் சொன்னீர்கள். போட்டோம். ஆள், மெஷின், துணி, முறை என்று பலகை நிறைந்தது. ஆனால் அதில் எது நிஜம் என்று படம் சொல்லாதுங்க.

வழிகாட்டியது செக்கிங் டேபிளில் வைத்த ஒரு சாதாரணத் தாள். ஓட்டை விழுந்த ஒவ்வொரு பீஸுக்கும் மெஷின், ஊசி, சாய லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணித் தொகுதி) மூன்றையும் குறித்தோம். மெஷின்கள் பலவாக இருந்தன, லாட் மட்டும் ஒன்றே. அதே டெய்லர், அதே பால்பாயின்ட் ஊசி (முனை உருண்ட ஊசி), வேறு லாட் துணி கொடுத்தால் ஓட்டையே இல்லை!

அப்புறம்தான் ‘ஏன்’ கேட்டோம்; மூலகாரணம் வரும்வரை ஐந்து தடவை ‘ஏன்’ கேட்கும் முறை அது. துணியின் நூல் ஏன் அறுகிறது? ஊசி இறங்கும்போது பின்னல் துணியின் நூல் வளையம் நகர்ந்து வழிவிடவில்லை. ஏன்? துணி வறண்டிருக்கிறது. ஏன்? சாயம் போட்டபின் துணியை மென்மையாக்கச் சேர்க்கும் சாப்ட்னர் குறைவு. அது ஏன் முன்பே தெரியவில்லை? ஆர்டர் தாளில் நிறமும், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜிஎஸ்எம்மும்தான் இருந்தன, தைத்துப் பார்க்கும் சோதனை இல்லை. ஐந்தாவது ஏனுக்கு வேலையே வரவில்லை.

இப்போது கட்டிங்குக்கு முன் லாட்டுக்கு ஒரு துண்டு தைத்து, இழுத்துப் பார்க்கிறோம். மறுபடி சாப்ட்னர் போட்டுத் தரச் சாயப்பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டார். வண்டி வாடகை யார் தலையில் என்றுதான் இன்னும் பேச்சு ஓடுகிறது.