ஹாஃப் மூன் கே தீவில் ஒரு பகலுக்குக் கபானா: எடுக்கலாமா, வேண்டாமா?

நெய்தல்:
பிப்ரவரியில் மயாமியிலிருந்து கப்பலில் பஹாமாஸ் போகிறோம். ஹாஃப் மூன் கே தீவில் ஒரு பகல் நிறுத்தம், காலை 8 முதல் மாலை 3 வரை. அப்பாவுக்கு வயது 74, அம்மாவுக்கு முழங்கால் வலி, பிள்ளைகள் இருவர், நாங்கள் இருவர். கடற்கரைக் கபானாவுக்கு, அதாவது ஒரு பகலுக்கு வாடகைக்கு விடும் சிறு குடிலுக்கு, 480 டாலர் கேட்கிறார்கள். "அந்தக் காசுக்கு மாமல்லபுரத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம்" என்று என் கணவர் பேச்சை முடித்துவிட்டார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் உங்கள் கணவர் கட்சி. நாங்கள் போனபோது கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டது. சிறு படகில்தான் இறங்கினோம். வரிசையில் நின்று மணலை மிதிக்கும்போது மணி ஒன்பதரை. திரும்பும் படகுக்காக இரண்டு மணிக்கே ஈரத் துண்டைச் சுருட்டியாயிற்று. மீதி நாலரை மணி நேரம். உங்கள் 480-ஐ அதில் வகுத்தால் மணிக்கு நூறு டாலருக்கு மேல்! பிள்ளைகளோ தண்ணீரை விட்டு வரப்போவதில்லை. 1996-இல் 60 லட்சம் டாலர் கொடுத்துத் தீவையே வாங்கிப்போட்ட கப்பல் நிறுவனம் அது. சாய்வு நாற்காலியும் மதியச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம். கூரைக்கு மட்டும் தனி வாடகையா?

டாம்பாவாசி:
கணக்கு சரி ஐயா, ஆளைப் பார்க்காத கணக்கு. முதல் முறை ஜூனில் போனபோது அம்மாவுக்கு ஒரு குடை மட்டும் எடுத்தோம். அந்த மணல் மெரினா மணல்போல் காலைச் சுடாது, மாவுபோல் வெள்ளையாக இருக்கும். ஆனால் கண் கூசும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். உச்சிவேளையில் குடை நிழல் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அம்மா அதற்குள் காலை மடக்கி உட்கார்ந்து, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டிருந்தார். கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். மறு முறை கபானா எடுத்தேன். குளிர்சாதனம், சிறு குளிர்பெட்டி, சாத்திக்கொள்ளக் கதவு. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்கினார். அந்தத் தூக்கத்துக்குத்தான் பணம் கொடுத்தேன்.

கணக்குப்பிள்ளை:
ஜூன் கதையைப் பிப்ரவரிக்குச் சொல்கிறீர்களே! வாடைக் காற்று இறங்கிவிட்டால் அங்கே குளிர்சாதனத்தை யார் தேடுவார்கள்? போர்வையைத்தான் தேடுவார்கள்.

உப்புக்காற்று:
காற்று பலமாக இருந்தால் படகே விடமாட்டார்கள். எங்களுக்கு ஒரு முறை நிறுத்தமே ரத்தானது. கபானாவைக் கப்பல் மூலமாகவே பதிவு செய்திருந்ததால் பணம் கேட்காமலே திரும்பி வந்தது. மழை வேறு விஷயம், விதிமுறைகளைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

இன்னொரு தீவில் (பெயர் வேண்டாம்) கடலைப் பார்த்த கபானா என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் முன்னால் இன்னொரு வரிசை. அன்று முழுவதும் நான் பார்த்தது பக்கத்துக் குடும்பத்தின் ஏசி பெட்டியின் முதுகு. வரைபடத்தில் எந்த எண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள். முழங்கால் வலிக்கு அதுதான் முதல் கேள்வி.

டாம்பாவாசி:
480 அதிகம் என்றால் சிப்பிபோல் மடங்கும் துணிக்கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும். விலை அதில் சிறு பங்குதான்.

கணக்குப்பிள்ளை:
அதை மட்டும் எடுக்காதீர்கள். குனிந்து, தவழ்ந்து உள்ளே போக வேண்டும். உங்கள் அம்மாவை உள்ளே விட்டால் வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். எடுத்தால் கபானா எடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

டாம்பாவாசி:
ஐயா கட்சி மாறிவிட்டார்!

கணக்குப்பிள்ளை:
மாறவில்லை. 480 இன்னும் அநியாயம்தான்.

நெய்தல்:
இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நீங்கள் எல்லோரும் இறங்கிப் போங்கள். கப்பலில் அன்றைக்குத்தான் கூட்டம் இருக்காது, நான் மேல்தளத்தில் பேப்பர் படிக்கிறேன்" என்கிறார். அம்மாவுக்குக் கணுக்கால் வரை தண்ணீரில் நின்றால் போதுமாம். ஆக, கபானா கேட்டது நான் மட்டும்தான் போலிருக்கிறது. கணவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

படகுத்துறையிலிருந்து மணல் வரை அம்மா நடக்க வேண்டுமா, வண்டி ஏதாவது உண்டா?

டாம்பாவாசி:
நாங்கள் போனபோது டிராம் வண்டி ஓடியது. மணலில் தள்ள அகலச் சக்கர நாற்காலி இருக்கிறதா என்று கப்பலில் முந்தின நாளே கேட்டு வையுங்கள்.