மறு: ‘செப்டிக் ஆர்த்ரைட்டிஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மூட்டுக்குள் கிருமி புகுந்து வரும் ‘செப்டிக் ஆர்த்ரைட்டிஸ்’ நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘சீழ்வாதம்’ என்று வைக்கலாமே? சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

சின்னச் சொல்தான். ஆனாலும் ‘வாதம்’ வேண்டவே வேண்டாம். மூட்டுவாதம், முடக்குவாதம் என்று நமக்குப் பழகியவை எல்லாம் வருடக்கணக்கில் கூடவே இருப்பவை. தைலம் தேய்த்துப் பார்ப்போம், ஒத்தடம் கொடுத்துப் பார்ப்போம் என்ற நிதானம் அந்தப் பெயரிலேயே வந்துவிடுகிறது. இந்த நோய்க்கு அந்த நிதானம் ஆகாது. நேற்று வரை நன்றாக இருந்த முழங்கால் வீங்கிச் சூடேறி, லேசாக அசைத்தாலே உயிர்போகும்படி வலிக்கும். சிகிச்சை சில நாள் தள்ளிப்போனாலே குருத்தெலும்பு அரிபட்டு, மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் அடையவும் வழியில்லை. பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை.

இன்னொன்று, முடக்குவாதம் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். ‘பழைய வாதம் கிளம்பிவிட்டது’ என்று விட்டுவிடுகிற ஆபத்தும் அவர்களுக்கே. பெயரிலும் வாதம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

‘சீழ்’ என்பதும் முழுக்கச் சரியில்லை. ஊசி போட்டு எடுக்கும் மூட்டுநீர் ஆரம்பத்தில் வெறும் கலங்கலாகவும் இருக்கும். மைக்ரோலிட்டருக்கு 50,000 வெள்ளணுக்களுக்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். குறைவாக இருந்தாலும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. யூரிக் அமிலப் படிகம் தெரிந்தாலும் அப்படித்தான், அந்தப் படிகத்தால் வரும் கவுட் என்ற மூட்டு நோயும் தொற்றும் சேர்ந்தே இருக்கலாம். கிருமி வளர்ப்புச் சோதனை முக்கியம் என்பதால்தான், முடிந்தவரை நீரை எடுத்த பிறகே ஆன்டிபயாட்டிக் தொடங்குகிறார்கள்.

> அப்படியானால் ‘தொற்று மூட்டழற்சி’ போதாதா?

கிட்டத்தட்ட சரி. ஆனால் வயிற்றிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று வந்துபோன பிறகு மூட்டு வீங்கும் நோய் ஒன்று இருக்கிறது, ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ். அதில் மூட்டுநீரை வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவும் வளராது. ‘தொற்று மூட்டழற்சி’ என்றால் படிப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

என் பரிந்துரை: மூட்டகத் தொற்று.

கிருமி மூட்டின் உள்ளேயே குடியேறியிருக்கிறது என்பதை ‘அகம்’ சொல்லிவிடுகிறது. சிகிச்சையும் அதிலிருந்தே விளங்கும். மாத்திரை மட்டும் போதாது, உள்ளே இருப்பதை ஊசியாலோ அறுவை சிகிச்சையாலோ வெளியேற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக் முதலில் சிரை வழியாக, அப்புறம் மாத்திரையாக, பெரும்பாலும் மொத்தம் 4 முதல் 6 வாரம் வரை போகும். அடைமொழி சேர்க்கவும் வசதி: பாக்டீரிய மூட்டகத் தொற்று, காசநோய் மூட்டகத் தொற்று, குழந்தைகளுக்கு வரும் இடுப்பு மூட்டகத் தொற்று.

‘அழற்சி’ விடுபடுகிறதே என்று கேட்கலாம். தொற்று இருந்தால் அழற்சியும் இருக்கத்தான் செய்யும், தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சரி, மூட்டுக்குள் ஊசி செலுத்தி நீர் எடுப்பதை ‘மூட்டுநீர் எடுப்பு’ என்று எளிமையாகவே வைத்துக்கொள்ளலாமா? மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.