நாலு நட்சத்திரமும் ஒரு சந்தேகமும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

மீனா அத்தை: நம் வீட்டு ஹோம்ஸ்டேக்கு கூகுளில் ஒரு வெள்ளைக்காரர் ரிவ்யூ எழுதியிருக்கிறார். போன வாரம் தங்கிவிட்டுப் போனாரே, அவர்தான். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். புகழ்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று பிடிபடவில்லை. கவிதா, நீ பார்த்துச் சொல்.

மீனா அத்தை: "ரூம்ஸ் சர்ப்ரைசிங்லி க்ளீன். பிரேக்ஃபாஸ்ட் அன்எக்ஸ்பெக்டட்லி குட். காபி க்வைட் குட். பாத்ரூம் ப்ரிட்டி பேசிக். ஸ்ட்ரீட் ஈரிலி கொயட் அட் நைட். ரிடிக்யுலஸ்லி சீப்."

அரவிந்த்: சூப்பர் அத்தை! நல்ல ரிவ்யூதான்.

மீனா அத்தை: எது நல்லது? அறை சுத்தமாக இருந்ததில் அவருக்கு என்ன ஆச்சரியம்? வேறு எப்படி இருக்கும் என்று நினைத்து வந்தாராம்?

ராமு மாமா: பாத்ரூம் அழகு என்று எழுதியிருக்கிறாரே, அதைப் பார். ப்ரிட்டி! டைல்ஸ் நான் தேர்ந்தெடுத்தது.

அரவிந்த்: மாமா...

ராமு மாமா: என்ன?

அரவிந்த்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுந்தரம் சித்தப்பா: அத்தான், அங்கே ப்ரிட்டி என்றால் அழகு இல்லை. பேசிக் என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பதால் அது அளவைச் சொல்கிறது. 'கொஞ்சம் சுமாரான பாத்ரூம்' என்று நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். 'ப்ரிட்டி அக்லி' என்றுகூட ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அழகான அசிங்கம் என்று அதற்கு அர்த்தமில்லை, நல்ல அசிங்கம்தான்.

ராமு மாமா: ஷவர் இல்லை, வாளியும் சொம்பும்தான். அதற்கா?

சுந்தரம் சித்தப்பா: அதற்குத்தான்.

கவிதா: இப்போதுதான் ஆபீஸ் முடிந்தது. அத்தை கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 'வெரி க்ளீன்' என்று எழுதினால் அறையைப் பற்றி மட்டும் பேசுகிறார். 'சர்ப்ரைசிங்லி க்ளீன்' என்று எழுதினால் அறையைப் பற்றிப் பாதி, தன் மனதில் முன்பே இருந்த நினைப்பைப் பற்றிப் பாதி. அழுக்காக இருக்கும் என்று நினைத்து வந்தார், அப்படி இல்லை, அதனால் அந்தச் சொல் வந்து விழுந்துவிட்டது.

மீனா அத்தை: அதைத்தான் நானும் சொன்னேன். தினமும் காலையில் நானே நின்று துடைக்க வைக்கிறேன்.

கவிதா: கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை அத்தை. பாராட்டத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் பதிப்பகத்தில் இந்தச் சொல் வந்தால் ஓரத்தில் 'யாருக்கு ஆச்சரியம்?' என்று எழுதிவிடுவேன். கிராமத்துப் பெண் ஒருத்தி 'சர்ப்ரைசிங்லி ஃப்ளூயன்ட்' ஆக ஆங்கிலம் பேசினாள் என்று ஒருவர் எழுதினால், அவள் பேச்சைவிட எழுதியவருடைய நினைப்புதான் வெளியே தெரிகிறது. அங்கே அந்தச் சொல்லை வெட்டிவிட்டால் போதும், பாராட்டு அப்படியே நிற்கும்.

விஜயா சித்தி: ஞாயிற்றுக்கிழமை சீமந்தத்துக்கு யார் யார் வேனில் வருகிறீர்கள்? இன்றைக்குள் சொல்லுங்கள்.

மீனா அத்தை: நானும் மாமாவும் உண்டு. கவிதா, அவர் வேறு எப்படி எழுதியிருக்க வேண்டும்?

கவிதா: 'ஸ்பாட்லெஸ்லி க்ளீன்'. பொட்டு அழுக்கில்லை என்று பொருள். அதில் ஆச்சரியமே கிடையாது, சுத்தம் மட்டும்தான். ஆச்சரியத்தையும் சொல்ல ஆசையென்றால் 'ரிமார்க்கபிளி க்ளீன்' போடலாம். அது குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய சுத்தம் என்பதோடு நிற்கும், உங்களைக் குறைவாக எடைபோட்ட வாடை வராது.

சுந்தரம் சித்தப்பா: இடத்தையும் கவனிக்க வேண்டும். 'தி ரூம்ஸ் வேர் சர்ப்ரைசிங்லி க்ளீன்' என்றால் நினைத்ததைவிடச் சுத்தம், அவ்வளவுதான். அதே சொல்லை வாக்கியத்தின் முன்னால் கொண்டுபோய் ஒரு காற்புள்ளி வைத்துப் பாருங்கள். 'சர்ப்ரைசிங்லி, தி ரூம்ஸ் வேர் க்ளீன்.' இப்போது அறைகள் சுத்தமாக இருந்த செய்தியே அதிசயம் என்று ஆகிவிடும். அக்கா, அவர் அப்படி எழுதவில்லை. அதற்காகவாவது சந்தோஷப்படு.

அரவிந்த்: அப்பா, ரிட்டயர் ஆகியும் வகுப்பு முடியவில்லையா?

சுந்தரம் சித்தப்பா: நீ எழுதிய பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'வெரி சர்ப்ரைசிங் குட் ரிசல்ட்' என்று இருந்ததே, அதனால் முடியவில்லை. குட் என்ற பெயரடையை இன்னொரு பெயரடை தாங்காது. 'சர்ப்ரைசிங்லி குட் ரிசல்ட்'. லி விகுதி வர வேண்டும். அப்புறம் லி-யில் முடியும் வினையடைக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் சிறுகோடு போடாதே.

அரவிந்த்: நோட்டட் சார்.

ராமு மாமா: காபி க்வைட் குட் என்றால் ரொம்ப நன்றாக இருந்தது என்றுதானே?

கவிதா: ஆள் எந்த ஊர்?

மீனா அத்தை: லீட்ஸ்.

கவிதா: ஐயோ. அமெரிக்கக்காரர் 'க்வைட் குட்' என்றால் நல்ல பாராட்டு. இங்கிலாந்துக்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை' ரகம்.

ராமு மாமா: கும்பகோணத்தில் உட்கார்ந்து டிகிரி காபியைப் பரவாயில்லை என்றாரா!

சுந்தரம் சித்தப்பா: அத்தான், அதே ஊர்க்காரரே 'க்வைட் எக்ஸ்ட்ரார்டினரி' என்று எழுதியிருந்தால் முழுக்க முழுக்க அபாரம் என்று பொருள். பக்கத்தில் நிற்கும் பெயரடை எக்ஸ்ட்ரார்டினரி மாதிரி உச்சத்தில் இருந்தால் க்வைட்டும் உச்சத்துக்குப் போகும். குட் மாதிரி நடுவில் இருந்தால் அதுவும் நடுவில் நின்றுவிடும்.

ராமு மாமா: என் காபி நடுவிலா?

விஜயா சித்தி: அண்ணா, விடுங்கள். அவர் டீ குடிக்கிற ஊர்க்காரர்.

மீனா அத்தை: கடைசி வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரிடிக்யுலஸ் என்றால் கேலிக்கூத்து என்று அகராதியில் இருக்கிறது. நம் வாடகையைப் பார்த்துச் சிரிக்கிறாரா?

அரவிந்த்: இல்லை அத்தை! அதுதான் முழுப் பாராட்டு. நம்பவே முடியாத அளவுக்கு மலிவு என்கிறார். 'சஸ்பிஷியஸ்லி சீப்' என்று எழுதியிருந்தால்தான் கவலை. மலிவுக்குப் பின்னால் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

கவிதா: சரியாகச் சொன்னான். இந்த மாதிரிச் சொற்களில் பழைய பொருள் தேய்ந்து அழுத்தம் மட்டும் மிச்சம் இருக்கும். 'ஆஃபுலி கைண்ட்', 'டெரிப்லி நைஸ்' எல்லாம் இப்படித்தான். நாம் 'பயங்கர டேஸ்ட்' என்று சொல்லும்போது யாராவது பயப்படுகிறோமா?

ராமு மாமா: அப்படியானால் ஈரிலியும் தேய்ந்ததா?

கவிதா: அது தேயவில்லை மாமா. ஈரிலி என்றால் இன்றும் உள்ளுக்குள் சிலிர்க்கிற மாதிரிதான். அது எல்லாச் சொல்லோடும் சேராது. கொயட், சைலன்ட், ஃபெமிலியர், சிமிலர் என்று சில சொற்களோடுதான் பழக்கம். 'ஈரிலி டேஸ்டி' என்று யாரும் எழுத மாட்டார்கள்.

மீனா அத்தை: நம் தெருவில் பேய் நடமாடுகிறது என்று உலகத்துக்கே சொல்லிவிட்டாரா?

ராமு மாமா: அன்று ராத்திரி கரண்ட் போயிருந்தது. எட்டரைக்கே தெரு அடங்கிவிட்டது. திண்ணையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் போய் 'சார்' என்றேன், தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

கவிதா: மாமா! அப்படியென்றால் இந்த ரிவ்யூவிலேயே பொருத்தமான ஜோடி அதுதான்.

விஜயா சித்தி: 😂😂

அரவிந்த்: பதில் எழுதிவிடலாம் அத்தை. ஏஐயிடம் கேட்டேன், இப்படிக் கொடுத்தது: "வீ ஆர் அப்சொல்யூட்லி த்ரில்ட், இன்கிரெடிப்லி ஹானர்ட் அண்ட் ட்ரூலி டிலைட்டட் பை யுவர் அமேசிங்லி கைண்ட் வேர்ட்ஸ்."

மீனா அத்தை: யார் இப்படியெல்லாம் பேசுவார்கள்? நான் பேச மாட்டேன்.

கவிதா: நாலு பெயரடைக்கும் நாலு வினையடை முட்டுக் கொடுத்தால் எதுவுமே நிற்காது. தனித்தனியாகப் பார்த்தால் தப்பில்லை. த்ரில்ட் உச்சத்துச் சொல், அதனால் 'வெரி த்ரில்ட்' என்பதைவிட 'அப்சொல்யூட்லி த்ரில்ட்' தான் பொருந்தும். ஆனால் ஒன்று போதும். ஆச்சரியம் அடுத்தடுத்த சொல்லில் வந்தால் படிப்பவர் நம்புவதை நிறுத்திவிடுவார்.

சுந்தரம் சித்தப்பா: அக்கா, உனக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைத் தமிழில் சொல். நாங்கள் ஆங்கிலத்தில் போடுகிறோம்.

மீனா அத்தை: வந்ததற்கு நன்றி. இட்லியும் கடப்பாவும் பிடித்ததில் சந்தோஷம். அறை சுத்தமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, தினமும் துடைக்கிறோம். அன்று கரண்ட் போனதற்கு வருத்தம். அவ்வளவுதான்.

கவிதா: அத்தை, இதைவிட நன்றாக எழுத முடியாது. பாருங்கள்: "தேங்க் யூ ஃபார் ஸ்டேயிங் வித் அஸ். வீ ஆர் கிளாட் யூ லைக்ட் தி இட்லி அண்ட் கடப்பா. தி ரூம்ஸ் ஆர் அன்சர்ப்ரைசிங்லி க்ளீன்: வீ மாப் தெம் எவ்ரி மார்னிங். சாரி அபவுட் தி பவர் கட்."

சுந்தரம் சித்தப்பா: அன்சர்ப்ரைசிங்லி! அவர் சொல்லையே திருப்பிக் கொடுத்துவிட்டாய். சபாஷ்.

மீனா அத்தை: கோபித்துக்கொள்ள மாட்டாரே?

கவிதா: இங்கிலாந்துக்காரருக்கு இந்தக் குசும்பு பிடிக்கும்.

ராமு மாமா: காபியைப் பற்றி ஒரு வரி சேர்.

மீனா அத்தை: வேண்டாம். போட்டாயிற்று. அது இருக்கட்டும், இவ்வளவு மலிவு என்கிறாரே, வாடகையில் இருநூறு ரூபாய் ஏற்றலாமா?

அரவிந்த்: ஏற்றினால் 'ரீசனபிளி சீப்' ஆகிவிடும் அத்தை. அதிலும் நாலு நட்சத்திரம் வரும்.

விஜயா சித்தி: முதலில் ஷவர் போடுங்கள் அண்ணி.

ராமு மாமா: பிளம்பர் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?