ஆளில்லாத முன்னாசனத்துக்கு ஆசனப்பட்டி எச்சரிக்கை: சென்சர் பழுதா, வயர் பழுதா?

கேள்வி (மல்லாவி)

வணக்கம். ஜப்பானில் ஓடிய பின் இங்கு இறக்குமதியான 2014 ஆம் ஆண்டுச் சிறிய கார் ஒன்றை வைத்திருக்கிறேன். மூன்று வாரங்களாக, இடப்பக்க முன்னாசனத்தில் ஒருவரும் இல்லாதபோதும் ஆசனப்பட்டி எச்சரிக்கை விளக்கு மினுங்குகிறது. கார் நகரத் தொடங்கியதும் ஒலியும் சேர்ந்துகொள்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவை வைத்தியத்துக்காகக் கிளிநொச்சிக்கு அழைத்துச் செல்லும்போது, அவர் காலை நீட்டியிருப்பதற்காக அந்த ஆசனத்தைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளுவேன். அப்படித் தள்ளிய நாட்களில்தான் தொல்லை அதிகம் என்று தோன்றுகிறது. ஐப்பசி மழையில் நனைந்த விதைநெல் மூட்டையொன்றை அதில் ஏற்றியதும் உண்டு, ஆகவே ஈரம் உள்ளே போயிருக்குமோ என்ற ஐயமும் இருக்கிறது. கராச்சில் காட்டியபோது, ஆசனம் முழுவதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெறும் ஆசனத்தில் பட்டியைக் கொழுவியே விட வேண்டும் என்றார்கள். அதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க வழியுண்டா?

பதில் (வவுனியா)

முதலில் எந்த விளக்கு என்பதைத் தெளிவாக்குங்கள். திறப்பைப் போட்டவுடன் எயார்பாக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் அது வேறு வகையான பழுது. அதற்கு எயார்பாக் கணினியை வாசிக்கக்கூடிய ஸ்கானர் வேண்டும், ஏனெனில் மலிவான ஸ்கானர்கள் பெரும்பாலும் எஞ்சின் பிழைகளை மட்டுமே காட்டுகின்றன. அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் ஆசனத்துச் சென்சர், இருப்பவர் பெரியவரா சிறுபிள்ளையா என்று கணித்து, அதற்கேற்ப எயார்பாக்கை நிறுத்தி வைக்கும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான சிறிய கார்களில் அது பெரும்பாலும் ஆசனப்பட்டி விளக்குக்காக மட்டுமே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

எயார்பாக் விளக்கு ஒழுங்காக அணைகிறது, ஐயா. பட்டி விளக்கு மட்டும்தான் பிரச்சினை.

பதில் (கிளிநொச்சி)

அப்படியானால் தேடல் சுருங்கிவிடுகிறது. இத்தகைய கார்களில் ஆசனப் பஞ்சுக்குக் கீழே மெல்லிய பாய் போன்ற ஒரு சென்சர் இருக்கும். பாரம் விழும்போது அதனுள் இருக்கும் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ள, கணினி ஆள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். விதைநெல் மூட்டை என்ன, ஒரு கனமான பையே அதற்குப் போதும். பட்டியின் கொக்கிக்குள் இருக்கும் சுவிற்ச் வேறு உறுப்பு. ஆகவே வெறும் ஆசனத்தில் பட்டியை ஒரு முறை கொழுவிப் பாருங்கள்: விளக்கு அணைந்தால் கொக்கியில் குறையில்லை, பழுது பாயிலோ அதன் வயரிலோ இருக்கிறது.

அடுத்து நீங்களே சொன்ன விடயத்துக்கு வருகிறேன், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆசனம் முன்னே நிற்கிறதா பின்னே நிற்கிறதா என்பது பாய்க்குத் தெரியாது. தண்டவாளத்தில் ஆசனம் நகரும்போது இழுபடுவது வயர்தான். காரை நிறுத்தி, திறப்பைப் போட்டு, வெறும் ஆசனத்தை ஒவ்வொரு பல்லாக முன்னும் பின்னும் நகர்த்தி விளக்கைக் கவனியுங்கள். ஓரிடத்தில் எரிந்து இன்னோரிடத்தில் அணைந்தால், ஈரத்தை மறந்துவிட்டு வயரைத் தேடுங்கள்.

கீழே கை வைப்பதற்கு முன் திறப்பை எடுத்து, பற்றரியின் மறை முனையைக் கழற்றி, குறைந்தது 3 நிமிடங்கள் பொறுத்திருங்கள். அங்கு மஞ்சள் நிறச் சொக்கற் இருந்தால் அது எயார்பாக்குக்கோ, மோதலின்போது பட்டியை இழுத்து இறுக்கும் கருவிக்கோ உரியது. அதில் மல்ரிமீற்றரை ஒருபோதும் வைக்கக் கூடாது, மீற்றரின் சிறு மின்னோட்டமும் அதை வெடிக்க வைக்கலாம்.

பதில் (புதுக்குடியிருப்பு)

புதிதாக ஆசன உறை போட்டீர்களா? ரெக்சின் உறைகளைக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டும்போது பாயின் மேல் எப்போதும் அழுத்தம் விழலாம், கயிறு வயரோடு சேர்ந்தும் கட்டுப்படலாம். பக்க எயார்பாக் ஆசனத்துக்குள் இருந்தால், அது விரியும் வழியை அந்த உறை மறிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பட்டியைக் கொழுவியதும் விளக்கு அணைந்தது. ஆசனத்தைப் பின்னுக்குக் கொண்டுபோனபோது, கடைசி மூன்று பல்லில் மட்டும் எரிந்தது. பற்றரியைக் கழற்றிவிட்டுக் கீழே பார்த்தால், இரண்டு மாதங்களுக்கு முன் போட்ட உறையின் கயிறு சென்சர் வயரையும் சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தது. தண்டவாளத்தின் விளிம்பில் உரசி இரண்டு வயரிலும் மேலுறை போய்ச் செம்பு தெரிகிறது. ரேப் சுற்றினால் போதுமா?

பதில் (கிளிநொச்சி)

ரேப்பின் பசை வெக்கையில் இளகிவிடும், ஆசனத்துக்குக் கீழ் சேரும் கிரவல் புழுதியும் அதை அவிழ்த்துவிடும். சேதமான பகுதியை வெட்டி, ஒவ்வொரு வயரையும் தனித்தனியே ஈயம் வைத்துப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு, ஆசனம் இரு எல்லைக்கும் போய்வரக்கூடிய தளர்வுடன் புதிய இடத்தில் கட்டுங்கள். உறையின் கயிறு வயரைத் தொடாத வழியாகப் போகட்டும். பட்டியை வெறுமனே கொழுவி விடும் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். கொழுவிய பட்டியின் மேல் அம்மா அமர்ந்தால் எந்த விளக்கும் எச்சரிக்காது. ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும் இடங்களில் திடீரென்று பிரேக் பிடிக்க நேரும்போது அவரைத் தாங்க ஒன்றும் இருக்காது.

கேள்வி கேட்டவர்

அவ்வாறே செய்வித்தேன். நேற்று அம்மாவுடன் மாங்குளம் வழியாகப் போய்வந்தோம். அவர் ஏறி அமர்ந்ததும் விளக்கு எரிந்தது, பட்டியைக் கொழுவியதும் அணைந்தது, இறங்கிய பின் எரியவில்லை.