டிரம்ஸ் குச்சிக்கும் சிம்பலுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும் (அவசரம்)

கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக இசைக்கருவிக் கண்காட்சி வைக்கிறோம். முன்னாள் மாணவர் ஒருவர் டிரம்ஸ் குச்சி ஒரு ஜோடி கொடுத்திருக்கிறார். ஜில்ஜியன் என்ற சிம்பல் (டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் வெண்கலத் தட்டு) பட்டறை 1623இல் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) தொடங்கியது. அதன் 400ஆம் ஆண்டுக்காக 2023இல் வெளியிட்ட குச்சி இது. மலையாள விளக்க அட்டை தயார். தமிழ் அட்டை திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

‘நினைவு டிரம்ஸ் குச்சி’ என்று எழுதினேன். நினைவு என்றாலே யாரோ இறந்துபோன மாதிரி இருக்கிறது என்கிறார் சக ஆசிரியர். சிம்பலுக்கு ஜால்ரா என்றால் பிள்ளைகள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார்கள். நல்ல சொல்லாகச் சொல்லுங்கள்.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், கடிப்பு என்ற சொல் இருக்கும்போது குச்சி எதற்கு? ‘முரசு கடிப்பு இகுப்பவும், வால்வளை துவைப்பவும்’ என்பது புறநானூறு 158. குணில் என்றும் சொல்லலாம். ‘குணில்பாய் முரசின் இரங்கும் அருவி’ 143ஆம் பாட்டில் வருகிறது. இரண்டும் முரசு அடிக்கும் குறுந்தடிதான்.

சிம்பலுக்குப் பாண்டில். மலைபடுகடாம் தொடக்கத்திலேயே ‘நுண்ணுருக்குற்ற விளங்கடர்ப் பாண்டில்’ என்று வருகிறது. இந்த ஓர் அடியில் ஒரு பட்டறையே இருக்கிறது. உருக்கு என்றது உலையில் உருக்கியதை. அடர் என்றால் தட்டி மெலிதாக்கிய தகடு. விளங்கு என்றது அதன் பளபளப்பை. துருக்கிப் பட்டறையிலும் இதே வரிசைதானே: உருக்கி வார்ப்பது, தகடாக்கித் தட்டுவது, கடைந்து பளபளப்பாக்குவது. கூத்தர்கள் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போன கருவிக்கு, அதைச் செய்த விதத்தையும் சேர்த்துப் பெயர் சொன்ன புலவரை விட்டுவிட்டு, சிம்பல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. துருக்கியில் ஜில் என்றால் தாளம், அதாவது சிம்பல். நம்மிடம் சிலைத்தல் என்றால் ஒலித்தல். சிலம்புதல், சிலம்பு எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இதை யாராவது விரிவாக ஆராய வேண்டும்.

கொல்லங்கோடு, தவில்காரர்:

ஐயா, நான் படித்தவன் இல்லை, வாசிக்கிறவன். கடிப்பு என்று அட்டையில் இருந்தால் என் மகளே கடிக்கிறது என்றுதான் படிப்பாள். தவிலுக்குப் பூவரசில் செய்கிறோமே, அதையும் குச்சி, கழி என்றுதான் சொல்கிறோம். பறைக்காரர்களிடம் அடிக்குச்சி தனி, சிம்புக்குச்சி தனி. அடிக்குச்சி குட்டை, தடிமன், வலது கைக்கு. சிம்புக்குச்சி நீளம், மெலிசு, மூங்கில் சிம்பு, இடது கைக்கு. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்கள் சொல்லும் குச்சியில் என்ன குறை? தமிழ் இல்லையா அது?

ஆனால் இந்த ஊரில் ஒரு விஷயம் உண்டு. செண்டைக்கு மலையாளத்தில் கோல் என்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து பழக்கம்.

மீனாட்சிபுரம், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொல்வது சரி. குணில் எனக்கு இடிக்கிறது. ‘கன்று குணிலாக் கனியுதிர்த்த மாயவன்’ என்று சிலப்பதிகாரத்தில் வருவது விளாங்கனி உதிர்த்த எறிதடி. முரசில் தொடங்கி விளாமரம் வரை போன சொல் அட்டைக்கு ஆகாது.

ஜில்–சிலை உறவை விட்டுவிடலாம் ஐயா. தாளம் எந்த ஊரில் அடித்தாலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும், ஒலிக்குறிப்புச் சொற்களும் ஒத்துத்தான் இருக்கும். ஜில்ஜியன் என்பது ஆர்மீனியக் குடும்பப் பெயர்: தாளம் செய்பவர் மகன். 1618 வாக்கில் அவெதிஸ் என்ற ரசவாதி தங்கம் தேடிக் கலவை போட்டபோது இந்த வெண்கலம் கிடைத்தது என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் வரலாறு. பட்டறை அமெரிக்காவுக்கு வந்தது 1929இல்.

அட்டையில் சேர்க்க ஒன்று. இந்த வெண்கலத்தில் நூற்றுக்கு 80 செம்பு, 20 வெள்ளீயம். வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்த வெண்கலம் மெதுவாக ஆறினால் கண்ணாடி மாதிரி உடையும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால்தான் அடி தாங்கும். எஃகுக்கு நேர் எதிர். எஃகு தோய்த்தால் விறைத்துக்கொள்ளும். இந்த வித்தை ஜில்ஜியனுக்கு மட்டும் தெரிந்ததில்லை. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் தோண்டி எடுத்த கிண்ணங்களில் இதே வகை வெண்கலம் உண்டு. கேரளத்தில் வெண்கல வேலை செய்யும் கன்னார்கள் அண்மைக்காலம் வரை இப்படித்தான் அடித்துத் தோய்த்திருக்கிறார்கள். செண்டையோடு தட்டும் இலத்தாளம் கேட்டு வளரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நினைவு பற்றி: நினைவுப் பரிசு, நினைவு நாணயம் என்கிறோம், யாரும் இறப்பதில்லை. ஆனாலும் பள்ளி அட்டையில் ‘400ஆம் ஆண்டுக் கொட்டுக்கோல்’ என்றால் எதற்காக வந்தது என்பதும் தெரியும், சண்டையும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. நான்கு பேர் கொட்டுக்கோலுக்குத் தனிமடல் போட்டிருக்கிறார்கள். அதையே அனுப்புகிறேன். சிம்பலைப் பாண்டில் என்று எழுதி, கீழே ‘இலத்தாளத்தின் இனம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். தண்ணீரில் தோய்க்கும் செய்தியும் உண்டு. சித்தூர் ஐயாவுக்குப் பாதி திருப்தியாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

சித்தூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பாண்டிலுக்கு மிக்க மகிழ்ச்சி டீச்சர். கொட்டுக்கோலை நான் ஏற்கவில்லை. எழுதுகோல், அளவுகோல், தூண்டிற்கோல் என்று எல்லாவற்றுக்கும் கோலையே ஒட்டினால், இதற்கென்றே பிறந்த சொல் அகராதியிலேயே கிடக்கும். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாமே முடிவு செய்தால் அவர்களுக்கு எப்போது தெரியும்? பாண்டில் மட்டும் தெரிந்ததா? அட்டையில் இடமிருந்தால் ‘பழம்பெயர்: கடிப்பு’ என்று சிறிய எழுத்திலாவது போடுங்கள். அச்சகத்தில் ப்பு–வை ப்ப என்று அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.