நட்டக் கணக்கையும் அச்சில் போடலாமா? காரைக்குடி வட்டார விவசாயிகளுக்கு ஒரு கேள்வி

கண்மாய்க்கரை:
2024-25 சம்பாவின் கணக்கை ஒருவழியாக முடித்தேன். சாக்கோட்டைப் பக்கம், கண்மாய்ப் பாசனம், நேரடி விதைப்பு. ஏக்கருக்குச் சொல்கிறேன். உழவு, விதை, உரம், களை, அறுப்பு மிஷின் எல்லாம் சேர்த்துக் கைக்காசு 24,000 ரூபாய். விளைந்தது 60 கிலோ மூட்டையாக 26. மழைக்குப் பயந்து களத்திலேயே மூட்டை 1,200 என்று தள்ளிவிட்டேன். 31,200 ஆயிற்று. வைக்கோலில் 2,000. மிச்சம் 9,200. பரவாயில்லையே என்று தோன்றும்.

நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கு 12 நாள் அந்த ஏக்கரில் நின்றிருக்கிறோம். எனக்கு 600, அவளுக்கு 350 என்று ஊர்க்கூலி போட்டால் 11,400. இப்போது கணக்கு 2,200 ரூபாய் நட்டம்.

செட்டிநாடு உலர்நில ஆராய்ச்சி நிலையத்திலோ வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்திலோ கேட்டால் எந்த ரகம் எத்தனை நாளில் எவ்வளவு விளையும் என்று சொல்லிவிடுவார்கள். கையில் என்ன நிற்கும் என்பதை நாம்தான் எழுத வேண்டும். நம் வட்டாரத்தில் முப்பது பேர் இப்படி எழுதி, வருடம் ஒரு சிறு புத்தகமாகத் தமிழில் போட்டால் என்ன?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, கணக்கு எழுதியதற்குப் பாராட்டு. ஆனால் இதை ஆராய்ச்சி என்று அச்சிடாதீர்கள். வேளாண் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு வயல், ஒரு வருடம் என்றால் அது அனுபவம். ஆர்வமாகக் கணக்கு எழுதும் முப்பது பேர் ஏற்கெனவே மற்றவர்களைப் போன்றவர்கள் இல்லை. அவர்கள் சராசரியை ஊர்ச் சராசரி என்று நம்பி ஒருவர் வங்கிக்குப் போனால் யார் பொறுப்பு?

1954-55-இல் மத்திய அரசு பண்ணை மேலாண்மை ஆய்வுகளைத் தொடங்கியபோது அன்றைய சென்னை மாநிலத்தில் சேலமும் கோவையும் எடுத்துக்கொள்ளப்பட்டன. தினமும் கூடவே இருந்து குறிப்பது, பிறகு போய்க் கேட்பது என்று இரண்டு முறையும் வைத்து எது சரி என்று ஒப்பிட்டார்கள். அத்தனை மெனக்கெட்டார்கள்.

பள்ளத்தூரான்:
சேலம், கோவை. நம் வானம் பார்த்த சீமை அதில் எங்கே இருக்கிறது சார்?

கண்மாய்க்கரை:
அதைத்தான் கேட்க நினைத்தேன். இன்னொன்றும் பாருங்கள். 2024-25-க்கு நெல் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,300. மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையம் கணக்கிட்ட செலவு, குடும்ப உழைப்பையும் சேர்த்தே, 1,533. அதில் ஒன்றரை மடங்குதான் 2,300. என் வயலில் வைக்கோலைக் கழித்த பிறகும் குவிண்டாலுக்கு 2,141 ஆகிறது. அவர்கள் கணக்குத் தப்பு என்று சொல்லவில்லை. அது நாட்டுக்கே ஒரு சராசரி. பஞ்சாபும் அதில் இருக்கிறது, என் கண்மாயும் இருக்கிறது. மடை திறக்குமா திறக்காதா என்று ஐப்பசி வரை வானத்தைப் பார்க்கிறவனுக்கு அந்த 1,533 எதற்கு ஆகும்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல வாதம். ஆனால் உங்கள் 2,141-இல் பெரிய பங்கு அந்த 11,400. அந்த 12 நாளும் உங்களுக்கு வெளியே வேலை கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றால் முழுக்கூலி போடுவது நியாயமா? அந்தப் பழைய ஆய்வுகளின் புள்ளிவிவரத்தை வைத்து 1962-இல் அமர்த்தியா சென் எழுப்பிய கேள்வியும் இதை ஒட்டியதுதான். சொந்த உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டால் இந்திய விவசாயத்தில் பெரும்பகுதி நட்டமாகத் தெரியும். ஆனாலும் ஏன் செய்கிறார்கள்?

கானாடுகாத்தான் மருமகள்:
ஐயா, அண்ணனுக்கு வெளியே வேலை கிடைத்திருக்குமோ என்னவோ, அவர் வீட்டம்மாவுக்குக் கிடைத்திருக்கும். நூறு நாள் வேலைக்கு அந்த வருடம் அறிவித்த கூலி 319 ரூபாய். முழுசாகக் கைக்கு வராது, அது வேறு கதை. நானே எங்கள் உளுந்து பறிக்க எத்தனையோ நாள் அந்த வேலையை விட்டிருக்கிறேன். விட்ட காசு கண்ணால் பார்த்த காசு. அதை எழுதாமல் விட்டால் உளுந்தில் லாபம் என்று என் மாமனார் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். சொன்னார்!

புத்தகம் போடுங்கள் அண்ணே. ஆனால் ‘குடும்ப ஆள்’ என்று ஒரே வரியாகப் போடாமல் ஆண் நாள், பெண் நாள் என்று பிரித்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சரி அம்மா, 319-ஐ ஏற்றுக்கொள்கிறேன். அப்படிப் போட்டால் அவர் நட்டம் 1,828 ஆகும். குறைகிறதே தவிர மறையவில்லை.

பள்ளத்தூரான்:
எனக்கு வேறு பயம். இந்த மண்ணில் கணக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று எங்கள் ஐயா காலத்துப் பெட்டி இன்றும் வீட்டில் கிடக்கிறது. பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் ஒரு காசு பிசகாமல் எழுதினார்கள். என்ன ஆயிற்று? நெல் விலை கவிழ்ந்தது, கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் சுமார் 25 விழுக்காடு. வேண்டி வாங்கிய நிலமில்லை, வட்டிக்குப் பதிலாக வந்து விழுந்தது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் அதைப் பூட்டித்தான் வைத்தார்கள். நாம் ஊருக்கே விரித்துக் காட்டப்போகிறோம். வியாபாரி பார்த்தால் அந்தச் செலவுக்கு மேல் பத்து ரூபாய் வைத்து விலை கேட்பான்.

மண்டிக்காரன்:
நாலு நாளாகப் படிக்கிறேன், இப்போது பேசித்தான் ஆக வேண்டும். அண்ணே, உங்கள் செலவைப் பார்த்து நாங்கள் விலை வைப்பதில்லை. ரைஸ்மில் என்ன தரும், நெல் எவ்வளவு ஈரம், இதுதான் எங்களுக்குக் கணக்கு. உங்களுக்கு 2,141 ஆனாலும் 1,400 ஆனாலும் அன்றைக்குக் குவிண்டாலுக்கு அதே 2,000-தான், அதாவது மூட்டை 1,200. சொல்லப்போனால் எத்தனை பேர் ஈரத்தோடு களத்தில் விற்றார்கள், எத்தனை பேர் கொள்முதல் நிலையத்தில் காத்திருந்தார்கள், காத்திருந்ததற்கு என்ன செலவு என்று போட்டால் எனக்கே படிக்க ஆசை. தரகு, ஏற்றுக்கூலியையும் எழுதுங்கள். என் கடைப் பெயர் மட்டும் வேண்டாம்.

தேவகோட்டை ரஸ்தா:
பெயர் பிரச்சினைக்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஃபின்பின் (FINBIN) என்ற இணையதளத்தில் ஆயிரக்கணக்கான பண்ணைகளின் கணக்கைப் பெயர் இல்லாமல் சேர்த்துப் போடுகிறார்கள். சராசரியோடு நிற்பதில்லை. லாபம் குறைந்த 20 சதவீதம், கூடிய 20 சதவீதம் என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். ஒரே கண்மாயில் தலைமடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தால் போதும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அங்கே பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு விவசாயியோடும் உட்கார்ந்து கணக்கை முடித்துத் தருகிறார்கள். இங்கே யார் உட்காருவது? பல்கலைக்கழக ஆளுக்கு மதிப்பீடு பெற்ற ஆங்கில இதழில் கட்டுரை வந்தால்தான் பதவி உயர்வுக்குப் புள்ளி. காரைக்குடி விவசாயிக்குத் தமிழில் ஐம்பது பக்கம் எழுதினால் நன்றி மட்டும் கிடைக்கும். நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன், மறைக்கவில்லை.

கண்மாய்க்கரை:
அதனால்தான் சார், நீங்கள் உட்காருங்கள் என்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
மூன்று நிபந்தனை. ஒன்று, அட்டையில் ‘ஆய்வு’ என்று இருக்கக் கூடாது, ‘கணக்கு’ என்று போடுங்கள். இரண்டாவது நிபந்தனை, மூன்று போகம் முடியாமல் சராசரி போடக் கூடாது. கண்மாய் நிறைந்த வருடமும் வறண்ட வருடமும் உள்ளே வர வேண்டும். மூன்று, சொந்த நிலத்துக்குக் குத்தகை மதிப்பும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு முழுச் செலவு என்று சொல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பள்ளத்தூரான்:
குத்தகையா? சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் புஞ்சைக்கு எவன் குத்தகை தருவான்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அப்படியானால் சுழியம் என்று எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள்.

கண்மாய்க்கரை:
குத்தகையில் எனக்கு இன்னும் சம்மதமில்லை சார், பூர்வீக நிலத்துக்கு நானே எனக்கு வாடகை கொடுப்பதாக எழுதக் கை வரவில்லை. மற்ற இரண்டும் சரி. படிவத்தை இந்த வாரம் இங்கே போடுகிறேன். மருமகள் அக்கா சொன்ன இரண்டு வரியும் அதில் இருக்கும். இதுவரை எழுதச் சம்மதித்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் லாபம் வந்தால் மட்டும் எழுதுவார்களாம்.